கையிலே வாழும் வரலாறு: சாமியரின் கைவினை



'சாமி' என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்குக் கோயிலும் வழிபாடுமே நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்புகுந்த சாமியரோ உலகப்படத்தின் வடகோடியிலே வாழும் ஒரு மக்கட் கூட்டத்தார். அவர்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளும் ருசியாவின் கோலாத் தீபகற்பமும் சேர்ந்த நிலப்பரப்பை அவர்கள் 'சாப்மி' என்பர். அந்த ஒரே நிலத்தை நான்கு அரசுகளின் எல்லைகள் பிற்காலத்திலே துண்டாடின. இன்று அவர்தம் தொகை 80,000 முதல் 1,00,000 வரை இருக்குமென மதிப்பிடுவர். அவர்களுட் பெரும்பாலார் நோர்வேயிலே வாழ்கின்றனர். அவர்களுடைய மொழிகள் பின்லாந்து மொழிக்கு உறவானவை. நோர்வீஜிய மொழியோடும் சுவீடிய மொழியோடும் இனவுறவு இல்லாதவை. வெளியார் அவர்களை நெடுங்காலம் 'லாப்பர்' என்று அழைத்தனர். அப்பெயரிலே இழிவு தொனிப்பதால் இன்று அது கைவிடப்பட்டுள்ளது.

வட நோர்வேயிலுள்ள பின்மார்க் என்னும் மாகாணத்தின் பெயர் நம்மவரிற் சிலருக்குப் புதிதன்று. 1980களிலும் அதன் பின்னரும் நம் நாட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் அதன் கரையோரத்து மீன்பதனிடு சாலைகளிலே உழைத்தனர். அந்தக் கரையும் அதன் பின்னேயுள்ள மேட்டுநிலமுமே சாமியரின் தாயகத்திலே முக்கியமான ஒரு பகுதி. அங்கு குளிர்காலத்திலே பல வாரங்கள் சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. கோடையிலே பல வாரங்கள் அது மறைவதுமில்லை.

ஏடும் எழுத்தாணியும் கொண்டு வாழ்ந்த சமூகங்கள் தம் வரலாற்றை ஏட்டிலே வைத்தன, கல்லிலே வெட்டின. எழுத்து மிகப் பிந்தி வந்த மக்கள் தம் வரலாற்றை எங்கே வைப்பர்? சாமியருள் ஒருவர் தம் மொழியிலே எழுதிய சமயஞ்சாராத முதல் நூல் 1910ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. அதை எழுதியவர் யோகான் தூரி என்னும் ஓநாய் வேட்டைக்காரர். அதற்கு முந்திய பல நூற்றாண்டுகளின் அறிவு முழுவதும் நாவிலும் கையிலுமே இருந்தது. நாவிலிருந்தது பாட்டும் கதையும். கையிலிருந்ததற்கு வடசாமி மொழியிலே 'டுவோஜி' என்று பெயர். அந்த டுவோஜியின் வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகின்றேன்.

டுவோஜி என்ற சொல்லைக் 'கைவினை' என்று தமிழிலே சொல்லலாம். ஆயினும் அதன் பொருள் இன்னும் சற்று அகன்றது. மரத்தை வெட்டுவதற்கு ஏற்ற பருவத்தை அறிதல், தோலைப் பதனிடுதல், கருவியைச் செய்தல், அதை அழகுபடுத்தல், அதைப் பயன்படுத்தல், பழுது பார்த்தல் ஆகிய அனைத்தும் அச்சொல்லுள் அடங்கும். அழகுக்காக மட்டும் செய்யப்படும் கலையைக் குறிக்க அவர்களிடம் தனிச்சொல் இருக்கவில்லை. 1970களிலேதான், பின்லாந்து மொழியிலிருந்து ஒரு சொல்லைத் தழுவி, 'டாய்டா' என்ற புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டனர். பயனும் அழகும் அவர்களுக்கு இரண்டாகப் பிரியாமல் இருந்தமைக்கு இதுவே தக்க சான்று.

இக்கைவினைக்கு மூலப்பொருள் எவை? முதலாவது பனிமான். இம்மானினத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்புண்டு. கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். அதன் இறைச்சி உணவு, தோல் உடை, கொம்பு கருவி, முதுகின் தசைநார் நூல். இரண்டாவது பூர்ச்ச மரம். அதன் கட்டை, பட்டை, வேர், தண்டிலே புடைத்தெழும் கணு ஆகிய நான்கும் நான்கு தொழிலுக்கு உதவும். இவற்றோடு புல்லும், ஆட்டு உரோமமும், வணிகரிடம் வாங்கிய வெள்ளீயமும் வெள்ளியும் சேரும். கடுமையான நிலம் கொடுத்த சில பொருள்களைக் கொண்டே ஒரு வாழ்வு முழுவதையும் அவர்கள் அமைத்துக்கொண்டனர்.

ஒரு காலணியை எடுத்துக்கொள்வோம். பனிமானின் காலிலே உள்ள தோல் பனியையும் ஈரத்தையும் தாங்கவல்லது. அதன் மயிர் குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். அத்தோலை உரோமத்தோடு வெட்டித் தசைநாரினாலே தைத்துக் குளிர்காலக் காலணி செய்வர். அதனுள்ளே காலுறை அணிவதில்லை. கோரையினத்தைச் சேர்ந்த ஒரு புல்லைக் கோடையிலே அறுத்து, அடித்து மென்மையாக்கி, உலர்த்திச் சுருட்டி வைத்திருப்பர். அதையே காலணிக்குள் அடைத்துக்கொள்வர். மாலையிலே அதை வெளியே எடுத்து உலர்த்தினால் மறுநாளைக்கும் உதவும். 1732ஆம் ஆண்டிலே அந்நிலத்திற் பயணஞ்செய்த சுவீடிய தாவரவியலறிஞர் கார்ல் லின்னேயுஸ் இப்புல்லின் பயனைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். காலணியின் மேல்விளிம்பிலே பனி புகாதபடி, பல வண்ண நூலால் நெய்த நீண்ட நாடாவைச் சுற்றிக் கட்டுவர். நாடாவை நெய்வதற்குப் பெரிய தறி வேண்டுவதில்லை. கொம்பாலோ மரத்தாலோ செய்த, கையடக்கமான ஒரு சட்டம் போதும். பாவின் ஒரு தலைப்பை மரத்திலும் மற்றத் தலைப்பை நெய்பவளின் இடுப்பிலும் கட்டிக்கொண்டால், இருக்குமிடமே தறிக்கூடமாகும்.

பனிமானிலே பால் கறக்கும் பாத்திரமும் இத்தகையதே. பூர்ச்ச மரத்திற் புடைத்த கணுவைக் குடைந்து, ஒரு பக்கம் கைப்பிடி வைத்து, வாயின் விளிம்பு உள்நோக்கி வளையுமாறு செதுக்குவர். பனிமான் பசுவைப்போல் அமைதியாக நிற்பதன்று. அது துள்ளினாலும் பால் வெளியே தெறியாதிருப்பதற்காகவே அவ்வளைவு. கணுவிலே மரத்தின் நார் பல திசையாகச் சுழன்று பின்னியிருப்பதால் பாத்திரம் எளிதிலே பிளவாது. 'குக்சி' எனப்படும் குடிகிண்ணமும் அக்கணுவிலிருந்தே பிறக்கின்றது. இவற்றைச் செதுக்குவதற்குரிய கத்தியை ஆணும் பெண்ணும் இடுப்பிலே அணிவர். கத்தியின் பிடியிலே பூர்ச்சப் பட்டையும் கொம்பும் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். உறை வளைந்த கொம்பாலானது. கொம்பின்மேலே நுண்ணிய கோடுகளைக் கீறி, ஆல்டர் மரப்பட்டையின் செந்நிறச் சாற்றைத் தேய்ப்பர். சாறு கீறலிலே தங்கிக் கோலம் தெளிவாகத் தோன்றும்.

தென்பகுதியிலே இக்கோலம் இடைவெளியின்றிப் பின்னிய கோட்டுருவங்களாக இருக்கும். வடபகுதியிலே பூவும் கொடியும் போன்று, வெற்றிடம் மிகுந்ததாக இருக்கும். பழகிய கண் ஒரு கத்தியுறையைப் பார்த்தவுடன் அது எப்பகுதியைச் சேர்ந்தது எனக் கூறிவிடும். மரம், எலும்பு, கொம்பு ஆகியவற்றாலானதை 'வன்டுவோஜி' என்றும், தோல், துணி, நூல் ஆகியவற்றாலானதை 'மென்டுவோஜி' என்றும் பொருள்படும் சொற்களால் அவர்கள் வகுப்பர். முன்னது பெரும்பாலும் ஆடவர் தொழில், பின்னது பெரும்பாலும் மகளிர் தொழில் என்ற வழக்கு இருந்தது. இன்று அவ்வரம்பு நெகிழ்ந்துள்ளது.

உடையைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். 'காக்தி' என்பது அவர்களின் மேலாடை. பெரும்பாலும் நீலத்துணியிலே சிவப்பு, மஞ்சள், பச்சை நிறப்பட்டிகள் வைத்துத் தைக்கப்படுவது. பட்டியின் அகலமும், விளிம்பின் வெட்டும், தொப்பியின் வடிவமும் ஊருக்கு ஊர் வேறுபடும்; சில வேளைகளில் குடும்பத்துக்குக் குடும்பமும் வேறுபடும். சில ஊர்களிலே அரைக்கச்சையின் பொத்தான் வட்டமாயின் அணிந்தவர் மணமாகாதவர் என்றும், சதுரமாயின் மணமானவர் என்றும் அறியலாம். ஆகவே, அறிமுகமில்லாத இருவர் சந்தையிலே எதிர்ப்பட்டால், வாய்திறக்குமுன்னரே ஒருவரைப்பற்றி மற்றவர் பலவற்றை அறிந்துகொள்வர். எழுத்தில்லாத மக்களின் கடிதம் அவர்தம் உடையே எனின் மிகையாகாது.

சந்தை என்றதும் யொக்மொக் என்ற ஊர் நினைவுக்கு வருகின்றது. சுவீடனின் வடபகுதியிலுள்ள அவ்வூரிலே 1605ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை குளிர்காலச் சந்தை கூடி வருகின்றது. சுவீடிய அரசு அச்சந்தையை ஏற்படுத்தியதன் நோக்கம் வணிகம் மட்டுமன்று. சிதறி வாழ்ந்த சாமியரை ஓரிடத்திலே கூட்டினால் வரி தண்டலாம், மதம் போதிக்கலாம், நீதி வழங்கலாம் என்பதும் அதன் கருத்து. வரி வாங்க வந்தவனும் கைவினை வாங்க வந்தவனும் ஒரே சந்தையிலே நின்றனர் என்பது அம்மக்களின் பிற்கால வரலாற்றுக்கு ஒரு முன்னறிவிப்புப் போல் அமைந்தது.

1673ஆம் ஆண்டிலே உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யொகான்னஸ் செபேருஸ் இம்மக்களைப்பற்றி 'லாப்போனியா' என்னும் இலத்தீன் நூலை வெளியிட்டார். சுவீடிய படைகள் சாமியரின் மந்திரத்தினாலேயே போர்களில் வென்றன என்று ஐரோப்பாவிலே பரவியிருந்த வதந்தியை மறுப்பதே அந்நூல் எழுந்ததற்கு ஒரு காரணம். அதிலே அவர் கைத்தொழில்களையும் விரிவாகக் கூறியுள்ளார். மகளிர் கொம்பிலே சிறு துளைகளிட்டு, அவற்றினூடாக வெள்ளீயத்தைப் பல்லாற் கடித்திழுத்து மெல்லிய கம்பியாக்கி, அதனால் உடையை அணிசெய்தனர் என்பது அவர் தரும் செய்திகளுள் ஒன்று. வெள்ளிக்கம்பி போன்று மின்னும் அவ்வேலைப்பாட்டை இன்றும் சாமியர் செய்து வருகின்றனர்.

அதே நூற்றாண்டிலேதான் பெருந்துயரமும் நிகழ்ந்தது. சாமியரின் சமயத்துக்கு நடுநாயகமாக இருந்தது ஒரு பறை. மரச்சட்டத்திலோ குடைந்த மரக்கிண்ணத்திலோ பனிமான் தோலைப் போர்த்து, ஆல்டர்ப் பட்டைச் சாற்றினாலே அதன்மேல் தெய்வம், மனிதர், விலங்கு, சூரியன் ஆகிய உருவங்களை வரைவர். கொம்புச் சுத்தியால் அதனை அடிக்கையிலே தோலின்மேல் வைத்த சிறு குறியொன்று நகரும். அது எவ்வுருவத்திலே தங்குகின்றதோ அதைக்கொண்டு வருவதுரைப்பர். வன்டுவோஜியும் மென்டுவோஜியும் வழிபாடும் கூடிய ஒரு பொருள் அது. கிறித்துவ அரசுகளுக்கோ அது சாத்தானின் கருவியாகத் தோன்றியது. 1693ஆம் ஆண்டிலே சுவீடனின் ஆர்யப்லூக் என்னுமிடத்திலே லார்ஸ் நீல்சன் என்ற சாமியர் தம் பழஞ்சமயத்தைக் கைவிட மறுத்த குற்றத்துக்காக எரிக்கப்பட்டார். அவருடைய பறையும் அவரோடு எரிக்கப்பட்டது.

அதற்குச் சற்று முன்னர், 1691ஆம் ஆண்டு மார்கழியிலே, வட நோர்வேயிலே ஆண்டர்ஸ் பவுல்சன் என்னும் முதியவரிடமிருந்து அவருடைய பறை பறிமுதல் செய்யப்பட்டது. நோர்வே அப்போது டென்மார்க் அரசரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1692ஆம் ஆண்டு மாசியிலே வாட்சோ நகரத்து மன்றிலே அவர் விசாரிக்கப்பட்டார். பறையின் ஒவ்வோர் உருவத்துக்கும் பொருள் யாது என்று நீதிபதிகள் வினவ, அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். அவரைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்ட அந்த விசாரணைக் குறிப்பே, பறையை உடையவர் ஒருவர் தம் பறையைப்பற்றிக் கூறிய அரிய சான்றாக இன்று நமக்குக் கிடைத்துள்ளது. தீர்ப்பு வருமுன்னரே, சித்தசுவாதீனமற்ற ஒருவன் அவரைக் காவலிலே கோடரியால் வெட்டிக் கொன்றான். மனிதர் இறந்தார்; பறை கொப்பன்ஹேகன் நகரத்து அரச சேகரிப்புக்குப் போயிற்று. பின்னர், தொமஸ் பொன் வெஸ்ரன் என்னும் போதகர் திரட்டி அனுப்பிய பறைகளுள் பல, 1728ஆம் ஆண்டிலே அந்நகரை அழித்த பெருந்தீயிலே வெந்து போயின. இருபதாம் நூற்றாண்டிலே ஏர்ன்ஸ்ட் மங்கர் என்னும் சுவீடிய ஆய்வாளர் ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளைத் தேடி, எஞ்சியிருந்த பறைகளை எண்ணி எழுதினார். அவர் கணக்கிலே வந்தவை 71 மட்டுமே.

பறையை அழித்தவர்கள் காலணியையும் கிண்ணத்தையும் அழிக்கவில்லை என்பது இங்கே நோக்கத்தக்கது. பால் கறக்கும் பாத்திரத்திலே சாத்தானைக் காண எவராலும் இயலவில்லை. கடுங்குளிரிலே உயிர்பிழைக்க வேண்டிய எவருக்கும் அக்காலணி தேவையாயிருந்தது. இவ்வாறு தெய்வத்தைப் பாடிய கை, பாத்திரத்தைக் குடைந்தும் நாடாவை நெய்தும் தன் பழக்கத்தைக் காத்துக்கொண்டது. பறையிலே பூசிய செஞ்சாறு கத்தியுறையிலே தங்கி வாழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேறொரு வகை நெருக்கடி வந்தது. அது பாடசாலை வழியாக வந்தது என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையிலே சற்று வருத்தத்தோடுதான் கூறவேண்டியுள்ளது. நோர்வேயிலே நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, சாமிப் பிள்ளைகளை நோர்வீஜியராக்கும் கொள்கை மெல்ல மெல்ல இறுகியது. 1880ஆம் ஆண்டிலும் 1898ஆம் ஆண்டிலும் பிறந்த கட்டளைகள் வகுப்பறையிலே சாமிமொழியின் இடத்தை ஒடுக்கின. பிள்ளைகள் வீட்டைவிட்டு விடுதிப் பள்ளிகளிலே தங்கிப் படித்தனர். சுவீடனோ 1913ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே பனிமான் மேய்ப்போரின் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி அமைத்து, அவர்களை மற்றையோரிலும் குறைந்த கல்வியோடு ஒதுக்கிவைத்தது. ஓரிடத்திலே கரைத்தலும் மற்றோரிடத்திலே ஒதுக்குதலுமாக இரு வழிகள். விளைவு மாத்திரம் ஒன்றே. தாயின் அருகிலிருந்து தசைநாரை முறுக்கக் கற்கவேண்டிய வயதிலே பிள்ளை தாயின் அருகிலில்லை. கைவினையை எவரும் தடைசெய்யவில்லை. அதைக் கற்கும் வேளையே பிள்ளையிடமிருந்து எடுக்கப்பட்டது. தம் உடையையும் மொழியையும்பற்றி நாணம் கொள்ளும் ஒரு தலைமுறையும் உருவாயிற்று. பல குடும்பங்கள் காக்தியைப் பெட்டியிலே மடித்துவைத்து, அயலாரைப்போல் உடுத்தன.

இதன்மேலே உலகப்போரும் வந்தது. 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஜெர்மனியப் படைகள் வட நோர்வேயிலிருந்து பின்வாங்கியபோது, பின்மார்க் மாகாணத்திலும் அதன் அயலிலும் வீடுகளை எரித்துக்கொண்டே சென்றன. மக்கள் தெற்கே பெயர்க்கப்பட்டனர். பாட்டனார் செதுக்கிய கிண்ணமும், பாட்டி தைத்த உடையும், திருமணத்துக்கெனச் சேர்த்துவைத்த பேழையும் வீட்டோடு சாம்பலாயின. ஏடில்லாத சமூகத்துக்கு அது ஒரு நூல்நிலையம் எரிந்ததற்கு ஒப்பாகும்.

நேயர்களே, இவ்விடத்திலே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஒரு பொருளைக் காப்பது வேறு. அதைச் செய்யும் செய்கையைக் காப்பது வேறு. ஐரோப்பிய நகரங்களின் அரும்பொருட்சாலைகளிலே சாமியரின் கைவினைப் பொருள்கள் கண்ணாடிப் பேழைகளுக்குள்ளே பத்திரமாக இருந்தன. பூச்சியும் ஈரமும் அவற்றை அணுகவில்லை. ஆனால் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே சென்றன. எந்தக் கணுவை எப்பருவத்திலே வெட்டவேண்டும், தோல் பதமாயிற்று என்பதை விரல் எவ்வாறு உணரும் என்பவற்றைப் பேழையிலே வைக்க முடியாது. அவ்வறிவு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு நேரே செல்லவேண்டியது. ஒரு தலைமுறை விடுபட்டால் பொருள் இருக்கும், வழி மறைந்துவிடும்.

அவ்வாறு மறையவிருந்ததொன்று வேர்ப்பின்னல். பூர்ச்ச மரத்தின் மெல்லிய வேர்களைத் தோண்டி எடுத்து, உரித்து, பிளந்து, சுருள்சுருளாகச் சுற்றித் தைத்துப் பெட்டிகளும் குடுவைகளும் செய்யும் கலை அது. நீரும் ஒழுகாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னுவர் என்பர். கடையிலே வாங்கும் பாத்திரங்கள் பெருகியபோது அதைச் செய்வோர் அருகினர். சுவீடியப் பகுதியிலே 1894ஆம் ஆண்டிலே பிறந்த ஆசா கித்தொக் என்னும் பெண்மணி அக்கலையை மீண்டும் கைக்கொண்டு, தம் மகளிருக்கும் கற்பித்து, 1986ஆம் ஆண்டிலே மறைந்தார். இன்று வேர்ப்பின்னலைக் கற்போர் அவர் பெயரை நன்றியோடு நினைக்கின்றனர். ஒரு தாய் தன் மகளை அருகிலிருத்திச் சொல்லிக்கொடுத்ததனால் ஒரு கலை பிழைத்தது.

மற்றொன்று மகளிர் தொப்பி. வட நோர்வேயிலும் அதனையடுத்த பின்லாந்துப் பகுதியிலும் சாமிப் பெண்கள் 'லாஜோகாப்பிர்' என்னும் தொப்பியை அணிந்தனர். அதன் பின்புறத்திலே உள்ளே மரம் வைத்துத் தைத்த, கொம்புபோல் வளைந்தெழும் பகுதியொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அது வழக்கொழிந்தது. அக்கொம்பிலே சாத்தான் குடியிருப்பதாகச் சமயப் போதகர் கண்டித்தனர் என்ற செவிவழிச் செய்தி இன்றும் வழங்குகின்றது. பல தொப்பிகள் தொலைநாட்டு அரும்பொருட்சாலைகளிலே கிடந்தன. அண்மைக்காலத்திலே ஓவியர் ஊத்தி பியெஸ்கி, ஆய்வாளர் ஏவா-கிறிஸ்தீனா ஹார்லின் ஆகிய இருவரும் அத்தொப்பிகளைத் தேடிச்சென்று, தையலையும் வெட்டையும் ஆராய்ந்தனர். பின்னர்ச் சாமிப் பெண்களைக் கூட்டி, ஒவ்வொருவரும் தமக்குரிய தொப்பியைத் தாமே தைக்குமாறு பயிற்சிகள் நடத்தினர். பாட்டியின் பாட்டி அணிந்த வடிவத்தைத் தன் கையாலேயே தைத்து அணிகின்ற பெண், தான் இழந்தது ஒரு தொப்பி மாத்திரமன்று என்பதை ஊசியின் ஒவ்வொரு குத்திலும் உணர்வாள் அன்றோ?

பள்ளியும் தன் கடனைத் தீர்க்கத் தொடங்கியது. 1942ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இன்று யொக்மொக்கிலே உள்ள சாமியர் கல்விநிலையம் காலப்போக்கிலே கைவினைப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. நோர்வேயின் கவுத்தொக்கெய்னோ என்னும் ஊரிலே 1989ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சாமி உயர்கல்லூரியிலே டுவோஜி பட்டப்படிப்புக்குரிய பாடமாயிற்று. முதுநிலைப் பட்டம்வரை அதைப் பயிலலாம். 1997ஆம் ஆண்டு நோர்வேயிலே வகுக்கப்பட்ட சாமிப் பாடத்திட்டத்திலே டுவோஜியும் ஒரு பாடமாக இடம்பெற்றது. பிள்ளையைத் தாயின் கையிலிருந்து பிரித்த பள்ளியே, நூறாண்டின் பின்னர் அத்தாயின் கைத்தொழிலைக் கரும்பலகையின் முன்னே கொணர்ந்தது.

போலிப் பொருள்களின் தொல்லையும் சிறிதன்று. வடபுலத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம், எங்கோ இயந்திரத்திலே செய்த தொப்பிகளும் கிண்ணங்களும் 'சாமிக் கைவினை' என்ற பெயரோடு விற்கப்பட்டன. இதனைத் தடுக்கும் பொருட்டு 1982ஆம் ஆண்டிலே 'சாமி டுவோஜி' என்னும் முத்திரை ஏற்படுத்தப்பட்டது. சாமியர் ஒருவர் செய்த கைவினைக்கே அம்முத்திரை உரியது. வாங்குவோனுக்கு அது நம்பிக்கை. செய்வோனுக்கு அது மதிப்பும் ஊதியமும். எனினும் முத்திரை மட்டும் போதாது. பனிமான்கள் இன்று பெரும்பாலும் தொழிற்சாலை முறையிலே கொல்லப்படுவதால், காற்றோலும் தலைத்தோலும் தசைநாரும் கைவினைஞருக்கு முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை. குளிர்காலத்திலே இடையிடையே மழை பெய்து நிலம் பனிக்கட்டியால் மூடப்படும்போது மான்கள் உண்ணும் பாசியும் அடியிலே சிறைப்படுகின்றது. மேய்ச்சல் நிலம் குறைந்தால் மான் குறையும். மான் குறைந்தால் கைவினையும் குறையும். இக்கலையை நிலத்திலிருந்து பிரித்துக் காக்க இயலாது என்பதைச் சாமியர் நன்கு அறிவர்.

ஆதலினாலேதான் அவர்கள் தம் உரிமைக்காக எழுந்தபோதெல்லாம் கைவினையும் உடன் எழுந்தது. 1979ஆம் ஆண்டிலே அல்டா ஆற்றிலே அணைகட்டும் திட்டத்தை எதிர்த்த இளைஞர், ஒஸ்லோ நகரிலே பாராளுமன்றத்தின் முன்னே தமது மரபுக் கூடாரத்தை அடித்து, காக்தி அணிந்து உண்ணாநோன்பிருந்தனர். அணை கட்டப்பட்டது உண்மையே. ஆயினும் அப்போராட்டத்தின் விளைவாக நோர்வேயிலே 1989ஆம் ஆண்டு சாமியர் பாராளுமன்றம் திறந்துவைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டிலே, போசன் தீபகற்பத்துக் காற்றாலைகளுக்கு அளித்த அனுமதி பனிமான் மேய்ப்போரின் உரிமையை மீறுவதென நோர்வேயின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பின்னும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தமையால், 2023ஆம் ஆண்டிலே இளைஞர் அமைச்சுக் கட்டடங்களின் முன்னே அமர்ந்தனர். அவர்களுட் பலர் காக்தியை உட்புறம் வெளியாகத் திருப்பி அணிந்திருந்தனர். தையலும் முடிச்சும் வெளியே தெரிய உடுத்துவது கண்டனத்தின் அடையாளம். முன்னே கடிதம் என்று கூறிய அவ்வுடை, அன்று விண்ணப்பமும் ஆயிற்று.

இனி, பொருள்கள் வீடு திரும்பும் வரலாற்றையும் கூறவேண்டும். நோர்வேயிலே 'போஸ்தெடெ' என்னும் திட்டத்தின்கீழ், ஒஸ்லோவிலுள்ள அரும்பொருட்சாலைகளின் சாமிச் சேகரிப்பிலே ஏறக்குறையப் பாதி சாமியரின் சொந்த அரும்பொருட்சாலைகளுக்குத் திருப்பியளிக்கப்படுவதற்கு 2019ஆம் ஆண்டிலே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. தென்சாமி மொழியிலே அச்சொல்லுக்குத் 'திரும்பி' என்பதே பொருள். பின்லாந்தின் தேசிய அரும்பொருட்சாலையும் தன்னிடமிருந்த 2,000க்கு மேற்பட்ட சாமிப் பொருள்களை 2021ஆம் ஆண்டிலே இனாரி என்னும் ஊரிலுள்ள 'சீடா' அரும்பொருட்சாலையிடம் ஒப்படைத்தது. ஆண்டர்ஸ் பவுல்சனின் பறையோ 1979ஆம் ஆண்டு முதல் கறாஸ்யொக் என்னும் ஊரிலுள்ள சாமி அரும்பொருட்சாலையிலே இருந்தது. ஆயின் அது டென்மார்க்கிலிருந்து வந்த இரவற்பொருளாகவே இருந்தது. தம் மூதாதையின் பொருளைத் தாமே இரவல் வாங்கி வைத்திருந்த நிலை அது. 2022ஆம் ஆண்டிலே அதன் உரிமையும் சாமியருக்கு மாற்றப்பட்டது. பறிமுதல் செய்யப்பட்ட நாளிலிருந்து 330 ஆண்டுகள் கடந்திருந்தன. 2024ஆம் ஆண்டு கார்த்திகையிலே நோர்வேயின் பாராளுமன்றம், நோர்வீஜியராக்கும் கொள்கையினாலே விளைந்த தீங்குகளுக்காக மன்னிப்புக் கோரியது.

திரும்பிவந்த பொருளின் பயன் யாது? கண்ணாடிப் பேழை தெற்கிலிருந்து வடக்கே இடம்மாறியதோடு காரியம் முடிந்துவிடுமாயின் பயன் சிறிதே. ஆனால் அங்கே கைவினைஞர் வந்து அப்பொருளைத் திருப்பிப் பார்க்கின்றனர். தையல் எங்கே தொடங்கியது, கத்தி எத்திசையிலே சென்றது, பழுது எவ்வாறு பார்க்கப்பட்டது என்று நோக்குகின்றனர். பின்னர்த் தம் வீட்டிலே அதைப் புதிதாகச் செய்கின்றனர். பெயர் தெரியாத முன்னோன் ஒருவன் தன் கைத்தடத்தையே பாடமாக விட்டுச்சென்றுள்ளான். அப்பாடத்தைப் படிக்கத் தெரிந்த விரல்கள் இருக்கும்வரைதான் அது பாடம். இல்லையேல் அது வெறும் மரமும் தோலும்.

பழமையை அப்படியே பற்றிக்கொள்ளுதலே காத்தல் என்று சாமியர் கருதுவதில்லை. கடையிலே வாங்கிய நூலையும் இயந்திரத் தையலையும் அவர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். புதிய துணியிலே பழைய வெட்டையும், பழைய கொம்பிலே புதிய கோலத்தையும் காணலாம். மூதாதையரும் வணிகரிடம் வாங்கிய ஈயத்தையும் வெள்ளியையும் தமதாக்கிக்கொண்டவரே அல்லரோ? மாறாது நின்றது ஒன்று: செய்பவன் தன் நிலத்தையும் தன் பொருளையும் அறிந்து செய்யவேண்டும், செய்ததைப் பிள்ளைக்குக் காட்டவேண்டும்.

அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் மட்டும் வரலாறென்று நாம் மாணவருக்குக் கற்பிப்பதுண்டு. பால் தெறியாதபடி விளிம்பை உள்ளே வளைத்தவனுக்கும், புல்லை உலர்த்திக் காலணிக்குள் வைத்தவளுக்கும் அவ்வரலாற்றிலே இடமில்லை. ஆனால் வடபுலத்து நீண்ட இரவுகளிலே ஒரு மக்களினத்தை வாழவைத்தவர் அவர்களே. பறையை எரித்த அரசுகளின் ஆணைகள் இன்று பழங்கடிதக் கட்டுகளாகக் கிடக்கின்றன. குக்சியோ இன்றும் ஒருவர் இடுப்பிலே தொங்குகின்றது; வேண்டும்போது நீர் முகந்து தருகின்றது. அதைச் செதுக்கக் கற்பிக்கும் ஒரு முதியவரும், கற்க அமரும் ஒரு பிள்ளையும் இருக்குமளவும் சாமியரின் வரலாறு முடிந்துபோன கதையாகாது.